தொட்டி சுத்தமான நாள்

செவ்வாய்க் கிரகத்தின் நெய்தல் குடியிருப்பில் காலையில் கண் விழித்ததும் யாரும் எழுந்து நிற்பதில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையைத் தொங்கப் போட்டு, கண்ணில் இருட்டு விலகும்வரை காத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பல் தேய்ப்பது. தெருவில் ஓடினால் அபராதம். கல்யாணத்தில் நாகஸ்வரம் பதிவு செய்ததுதான். ஊதுகிற அளவுக்கு ஊரில் யாருக்கும் மூச்சு இல்லை. மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுகிறவனைப் பார்த்தால் கொழுப்பெடுத்தவன் என்பார்கள்.

ஊர் ஒரு குகைக்குள் இருந்தது. அதன் காற்றைச் சலித்துக் கொடுத்த இயந்திரங்கள் கிழடுதட்டிவிட்டன. மூச்சில் வெளிவரும் கரிவளி வருஷா வருஷம் கொஞ்சம் ஏறியது. உயிர்வளி கொஞ்சம் இறங்கியது. ஒரே நாளில் நடந்திருந்தால் எல்லோரும் செத்திருப்பார்கள். மெதுவாக நடந்ததால் உடம்பு ஒத்துக்கொண்டது. ரத்தம் தன் குணத்தையே மாற்றிக்கொண்டு ஓடியது. ஆனாலும் ஏறுவது நிற்கவில்லை. இன்னும் சில வருடங்களில் ஒத்துக்கொள்ள உடம்பில் இடம் இருக்காது.

உதிரி பாகம் ஏன் வரவில்லை? நெய்தல் பார்வை மானியத்தில் பிழைத்த ஊர். பூமியில் எத்தனை பேர் இவர்கள் வாழ்க்கையைத் திரையில் பார்க்கிறார்களோ, அதற்கு ஏற்ற சாமான் கப்பலில் வரும். ஆரம்பத்தில் பூமியே பார்த்தது. முதல் பிரசவம், முதல் வாழைத்தார், முதல் மாமியார் சண்டை. பிறகு சலித்துவிட்டது. கப்பல் வந்து பதினோரு வருடமாகிறது.

சலிப்பது பூமிக்கு மட்டும் உரியதல்ல. பூவராகன் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது.

பூவராகன் நெய்தலின் காற்றுக் கண்காணிப்பாளர். சதுக்கத்தில் மாட்டியிருந்த காற்றுப் பலகை அவர் பொறுப்பு. பச்சை என்றால் நல்ல காற்று, சிவப்பு என்றால் கெட்டது. அது சிவப்பிலேயே நின்று பல வருடமாகிவிட்டதால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மகள் நன்முல்லை பிறந்த வாரம், கடைசிக்கு முந்தைய கப்பலில் வந்த கப்பி மீன்களை வாங்கித் தொட்டி அமைத்தார். அப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றும் முன் அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவார். எந்தக் குஞ்சு எந்தத் தாயுடையது என்று சொல்வார். அக்கம்பக்கத்தார் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வரிசை நின்றது. அவர் உட்காருவதும் நின்றது. தீனிப்பெட்டி தானாகத் தூவியது. ஆவியான அளவுக்குக் குழாய் தானாக நீர் விட்டது. கண்ணாடி பச்சைப்பாசி பிடித்து, தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. உள்ளே மீன்கள் தலைமுறை தலைமுறையாக உயிரோடுதான் இருந்தன.

"ஒண்ணு கழுவுங்க. இல்லேன்னா தூக்கிப் போடுங்க" என்பாள் மனைவி வேதவல்லி. "நாளைக்கு" என்பார். அது ஏழெட்டு வருடத்து நாளைக்கு.

பதினேழு வயது நன்முல்லை ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து பாடினாள். தோழி படம் பிடித்தாள். ஒரு சொல் பாடி மூச்சு வாங்கினாள், மறுசொல் பாடி மூச்சு வாங்கினாள், நாலாவது வரியில் முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தப் படம் எப்படியோ பூமிக்குப் போய்ச் சேர்ந்தது. பூமி அழுதது. ஒரே வாரத்தில் நாலு கோடிப் பேர் நெய்தலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அப்பா, பூமியில திட்றாங்க" என்றாள் நன்முல்லை, இடையில் மூச்சு வாங்கி. "நம்ம மீனை வச்சு."

"மீனையா?"

"மீனை இல்லப்பா. உங்களை."

அவளுக்குப் பின்னால் தொட்டியும் படத்தில் விழுந்திருந்தது. ‘அந்தப் பெண் பாவம்’ என்று எழுதியவர்களைவிட ‘அந்த மீன்கள் பாவம்’ என்று எழுதியவர்கள் அதிகம். ‘அதைக் கழுவாத சோம்பேறி யார்?’ என்ற கேள்விக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் பதில்.

பூவராகன் பல வருடங்களுக்குப் பிறகு தொட்டியை உற்றுப் பார்த்தார். முதலில் வெட்கம் வந்தது. அதன் பின்னாலேயே பழைய ஆசையும் வந்தது.

அதற்குள் கப்பலும் வந்துவிட்டது. அதில் ஒரு ராட்சதக் காற்றுச் சலிப்பான். ஊரின் காற்று முழுவதையும் ஒரு மணி நேரத்தில் புதிதாக்கக்கூடியது. கூடவே பார்வை மானியத் திட்டத்தின் இயக்குநர் அனுசூயா. முகமூடி இல்லாமல் நெய்தலில் அவளால் நிற்க முடியவில்லை. ஆனால் முகமூடிக்குள் உண்மையாகவே அழுதாள். "இந்த மிஷின் இனிமே உங்களோடதுங்க. வெள்ளிக்கிழமை விழா. நன்முல்லை பாடணும். முழுப் பாட்டு!"

கப்பல் பனிக்கட்டியும் கொண்டுவந்திருந்ததால் தண்ணீர்க் கட்டுப்பாடு தளர்ந்தது. பூவராகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். பழைய தண்ணீரை வாளிகளில் இறைத்தார். கண்ணாடியைத் தேய்த்தார். சரளையை அலசினார். புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டார். தொட்டி முதல் நாளைப்போல ஜொலித்தது. சிவப்பும் நீலமுமாக வால்கள் விரிந்தன.

"மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு" என்றாள் வேதவல்லி.

"தொட்டிக்கா?"

"உங்களுக்கு."

அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பாட்டை மறந்தார்.

காலையில் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

அவர் அதிர்ந்து உட்கார்ந்திருந்தபோது வேதவல்லிதான் கொல்லைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். கொட்ட மறந்த ஒரு வாளிப் பழைய தண்ணீரில், வலைக்குத் தப்பிய குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

இரண்டு தண்ணீரையும் சோதித்தபோது புரிந்தது. அழுக்கு மீன்களைக் கொல்லவில்லை. அழுக்கோடு வாழத் தங்கள் உடம்பையே அவை மாற்றி வைத்திருந்தன. ஒரே நாளில் வந்த சுத்தம்தான் கொன்றது. வாளியில் ஒரு குவளை புதுத் தண்ணீர் விட்டார். மறுநாள் இன்னொரு குவளை. குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குவளைக் கணக்கில்தான் அவருக்குத் தொட்டிமேல் பழைய பைத்தியம் மறுபடி பிடித்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஊரின் காற்றையும் வெள்ளிக்கிழமை ஒரே மணி நேரத்தில் மாற்றப் போகிறார்கள்.

அனுசூயாவிடம் ஓடினார். அபராதத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"மெதுவா மாத்தணும், மேடம். ரெண்டு மாசம் ஆகணும். எங்க ரத்தம் இந்தக் காத்துக்குப் பழகிடுச்சு. திடீர்னு மாத்தினா வலிப்பு வரும். இதயம் நிக்கும்."

"நல்ல காத்து யாரையாவது கொல்லுமா சார்?"

"நல்ல தண்ணி கொன்னுது, மேடம்."

"அது மீன்."

"மூச்சு விட்டுக்கிட்டிருந்த மீன்."

அவள் பெருமூச்சு விட்டாள். "ரெண்டு மாசம் யார் சார் பார்ப்பாங்க? சிவப்புப் பலகை பச்சையா மாறற அந்த நிமிஷத்துக்குத்தான் நாலு கோடிப் பேர் காத்திருக்காங்க. அவங்க போயிட்டா அடுத்த கப்பலே கிடையாது. விழா வெள்ளிக்கிழமைதான்."

பூவராகன் யோசித்தார். பூமிக்கு வேண்டியது பச்சை விளக்கு. ஊருக்கு வேண்டியது குவளைக் கணக்கு. இரண்டையும் கொடுக்க ஒரு வழி இருந்தது. வியாழக்கிழமை சலிப்பானின் வேகத்தை அடிமட்டத்தில் வைத்துப் பூட்டினார். காற்றுப் பலகையின் உள்கம்பியைப் பிரித்து, பொத்தானை அழுத்தினால் பச்சை எரியும்படி இணைத்தார். இரண்டு மாதத்தில் காற்று பச்சைக்கு வந்துவிடும். பொய் தானாக உண்மையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை அனுசூயா பொத்தானை அழுத்தினாள். பலகை பச்சையானது. ஊர் முழுவதும் ஆவென்று வாயைத் திறந்து அதே பழைய காற்றை இழுத்தது.

"ஆகா... மல்லிப்பூ மாதிரி" என்றார் ஒருவர்.

"தலைவலி... போயே போச்சு" என்றார் இன்னொருவர்.

அனுசூயா கேமராவுக்காக முகமூடியைக் கழற்றினாள். தடுமாறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "உணர்ச்சிவசப்பட்டுட்டேன்" என்று மறுபடி மாட்டிக்கொண்டாள். நன்முல்லை பாடினாள். சொல்லுக்குச் சொல் நின்று மூச்சு வாங்கித்தான் பாடினாள். ஆனால் கடைசி வரிவரை போய்விட்டாள். எல்லோர் கண்ணும் பச்சையில் இருந்ததால் இடைவெளிகள் யார் காதிலும் விழவில்லை. அவள் காதிலும் விழவில்லை.

நாலாம் நாள் அனுசூயா அவரைக் கூப்பிட்டனுப்பினாள். "சந்திரக் குடியிருப்புல ஒரு குழந்தை இருமுதாம். பார்க்கிறவங்க எல்லாரும் அங்கே போயிட்டாங்க. இங்கேதான் காத்து சுத்தமாயிடுச்சே? மிஷினை அங்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. சாயந்தரம் ஏத்தணும்."

பூவராகன் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொன்னார். காற்றை அளக்கும் கைமானியை நீட்டினார். அதில் சிவப்பு.

அனுசூயா மானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விழா அன்னைக்கே எனக்குத் தலை சுத்துச்சு" என்றாள் பிறகு. "நான் உங்களை நம்பறேன் சார். ஆனா நான் நம்பி என்ன? பூமி பச்சையைப் பார்த்துடுச்சு. இப்போ பலகையைச் சிவப்பாக்கினா நாடகம்பாங்க. உங்க ஜனங்களே கேமரா முன்னால காத்து கெட்டதுன்னு சொல்லட்டும். ஒருத்தர் சொன்னாப் போதும், மிஷின் இங்கேயே இருக்கும்."

ஊர் சதுக்கத்தில் கூடியது. பூவராகன் மானியை உயர்த்திக் காட்டினார். சலிப்பான் போனால் ஐந்தாறு வருடத்தில் குழந்தைகள் தூக்கத்திலேயே போய்விடும் என்றார்.

"பலகை பச்சையா இருக்கே, ஐயா" என்றது ஒரு குரல்.

"அதை எரிய வச்சவனே நான்தான்."

"பதினோரு வருஷம் சிவப்பைக் காட்டினவர். பச்சையைப் பார்த்ததும் வேலை போயிடும்னு பயம்" என்று யாரோ விட்டுவிட்டுச் சொல்ல, சிரிப்பு பரவியது. சிரித்தவர்கள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

"வெள்ளிக்கிழமை உங்க பொண்ணு பாடினது பொய்யா? இப்பவும் பாடட்டுமே!"

நன்முல்லைக்குக் கோபம். "நான் பாடினேம்பா" என்றாள் அவரைப் பார்க்காமல். மேடையேறினாள். அனுசூயாவின் ஆட்கள் கேமராவைப் போட்டார்கள். நெய்தலில் பொய்யாமே என்ற செய்தி பரவி, சந்திரனைப் பார்க்கப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரையோரத்தில் எண்ணிக்கை ஏறியது.

முதல் சொல். மூச்சு. இரண்டாவது சொல். மூச்சு. இந்த முறை அவள் கேட்டுக்கொண்டே பாடினாள். மூன்றாவது சொல் பாதியில் அறுந்தது. கை நெஞ்சுக்குப் போனது. கூட்டம் அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. அவள் அப்பாவின் கையிலிருந்த மானியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அப்பாடா என்று அவர் மேடையை நோக்கி ஓர் அடி வைத்தார்.

கேமரா அவள் முகத்தருகே போனது.

"மறைக்காம சொல்லும்மா" என்றாள் அனுசூயா. முகமூடிக்குள் அவள் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது. "காத்து எப்படியிருக்கு?"

மோசம் என்ற ஒரு சொல் போதும். அதற்கு அதிக மூச்சுகூட வேண்டியதில்லை.

நன்முல்லை நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். திரையோரத்து எண்ணிக்கை ஐந்து கோடியைத் தாண்டியது. அவள் நிமிர்ந்தாள், கன்னத்தில் குழி விழச் சிரித்தாள்.

"செமையா இருக்கு" என்றாள். "எல்லாருக்கும் தேங்க்ஸ்."