பனி உலரும் முன்

பட்டிக் கதவின் கயிற்றில் ஞானராஜ் முந்தின நாள் சாயங்காலம் போட்ட முடிச்சு அப்படியேதான் இருந்தது. உள்ளே நின்ற குட்டிகளின் வாய் மட்டும் நனைந்திருந்தது.

விரலால் தடவி மோந்து பார்த்தான். பச்சைப் புல் வாசனை, இப்போதுதான் கடித்த மாதிரி. குளம்புகளில் ஈரமண். கார்த்திகை விடியலில் மேற்கே மலை இன்னும் மேகத்துக்குள் கிடந்தது, கூமாப்பட்டி ரோட்டில் ஒரு வண்டிச் சத்தமும் இல்லை, ஆட்டு மூத்திர நெடியோடு அந்தப் புல் வாசனையும் சேர்ந்து அவன் தொண்டையில் நின்றது. மூலையில் ஒரு குட்டி காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. இது எட்டாவது.

அடப்பாவி, எவன்டா திறந்து விடுகிறான்?

முதல் தப்பு அவனுடையதுதான். ஐப்பசி மழையில் பக்கத்து நிலக்காரர் சங்கையாவின் தரிசில் கிடை போட்டான். ஆடுகள் பத்து ராத்திரி அங்கேயே அடைந்து புழுக்கை போட்டன, நிலத்துக்கு உரமாச்சு. கிடை போட்ட இடத்தில் உடனே குட்டியை மேய விடக் கூடாது என்று ஆடு வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் மூன்றே வாரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றதைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போய் விட்டுவிட்டான்.

போன வாரம் கால்நடை டாக்டர் கேத்ரின் வந்து, செத்த குட்டியின் வயிற்றைக் கிழித்துக் காட்டினார். உள்ளே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்கள், நூற்றுக்கணக்கில், இன்னும் நெளிந்துகொண்டு.

"ரத்தம் குடிக்கிற புழு. புழுக்கையில இருந்த முட்டை மழைக்குப் பொரிச்சு, பனி நேரத்துல புல்லு நுனிக்கு ஏறி நிக்கும். வெயில் ஏறினா இறங்கிரும். பனி உலராம குட்டிய வெளிய விடாதீங்க."

இன்னொரு குட்டியின் கீழிமையை இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய உள்பக்கம் காகிதமாக வெளுத்திருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போல் தொங்கியது.

மருந்து ஊற்றியாச்சு. விடியற்காலைப் புல் வாயில் படாமலிருந்தால் மிச்சம் பதினான்கும் பிழைக்கும். அத்தனையும் அவன் மனைவி எலினா பால் புட்டி வைத்து வளர்த்தவை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மடியில் போட்டுக் கொஞ்ச அவளுக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை. இவையும் போனால் அவள் தாங்க மாட்டாள் என்பதுதான் அவனுடைய பயமெல்லாம்.

அன்று காலை பட்டியிலிருந்து நேரே சங்கையாவிடம் போய்ச் சண்டைக்கு நின்றான்.

"ஏலே ஞானம், ஒன் குட்டிய நான் எதுக்குலே அவுத்து விடப்போறேன்? நானே அந்தப் பக்கம் கால் வைக்கிறதில்ல. காத்தே இல்லாம புல்லு ஆடுதுலே." சங்கையா குரலைத் தாழ்த்தினார். "ஒன் வீட்டுல கேளு, போ."

வீட்டில் எலினா கழுத்தைச் சுற்றிச் சால்வை கட்டியிருந்தாள். தொண்டை கட்டியிருக்கிறதாம். முதல் குட்டி செத்ததுக்கு இரண்டு நாள் அழுதவள், எட்டாவது என்றதும் சும்மா தலையாட்டினாள். அவள் தட்டில் சோறு போட்டபடியே இருந்தது. அவனுக்கும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எழுந்தபோது தலை சுற்றியது. கவலைதான், வேறென்ன.

அவள் சேலையில் முழங்கால் பக்கம் இரண்டு பச்சைக் கறை.

"ஏட்டி, வெள்ளன எந்திரிச்சு எங்க போற?"

"எங்க போறேன்? முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன்."

"சேல எப்படி நனைஞ்சுது?"

"தர ஈரமா இருந்துச்சு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கயிற்று முடிச்சை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவனின் பக்கத்தில் பாய் சரசரத்தது. கொலுசுச் சத்தம் வாசலைத் தாண்டியது. பிறகு குளம்புச் சத்தம், நிறைய, ஒன்றுகூடக் கத்தாமல். எழுந்து பின்னாலேயே போனான்.

தரிசில் வெளுத்த வெளிச்சம். புல்லெல்லாம் பனி. குட்டிகள் ஒரே வரிசையில் தலை குனிந்து நின்றன. கரக், கரக் என்று கடிக்கும் சத்தம்.

எண்ணினான். பதினைந்து.

ஒன்று பெரியது. முழங்கால் போட்டிருந்தது. சால்வை தரையில் கிடந்தது. தாடைக்குக் கீழே அந்தப் பை. மெதுவாக ஆடியது.

"எலினா!"

பதினைந்து தலைகளும் சேர்ந்து நிமிர்ந்தன.

ஓடிப்போய் அவள் முகத்தைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது. உதடெல்லாம் பச்சை. கட்டைவிரலால் கீழிமையை இழுத்தான். வெள்ளை. அந்த வெள்ளைக்குள் சிவப்பு முறுக்கிய நூல் ஒன்று, நெளிந்தது.

"வந்துட்டியளா" என்றாள் எலினா, குட்டிகளிடம் பேசுகிற அதே பாசக் குரலில். ஈரக் கையைத் தூக்கி, அவனுடைய கீழிமையை இதமாக இழுத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஒங்களுக்கும் வெளுத்துப்போச்சு. பனி உலந்துரும், சீக்கிரம் வாங்க."

குட்டிகள் நகர்ந்து இடம் விட்டன. ஓராள் முழங்கால் போடுகிற இடம். காற்று இல்லை. சுற்றியிருந்த புல் நுனிகள் எல்லாம் அவன் பக்கம் சாய்ந்தன.

அவன் வாயில் எச்சில் ஊறியது.