உள்ளேயிருந்து தட்டுபவர்

தட்டல் தப்பான இடத்தில் கேட்டது. அதுதான் தையல்காரியை முதலில் உறுத்தியது.

சீட்டு வாங்கியவர்களைப் பேய்க்கதை சொல்லித் தெருத்தெருவாகக் கூட்டிப்போகும் பேய் நடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பொழுது சாய்ந்து, தெருவிளக்குகள் எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். பழைய அச்சகத்தின் துருப்பிடித்த இரும்புக் கதவின் முன்னால் நின்று, இயந்திரத்தில் கை சிக்கிச் செத்தவனின் கதையை வழிகாட்டி கண்களை உருட்டி உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். கதை பாதியைத் தாண்டவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து தட்டல் வந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று.

கூட்டத்தில் ஒரு பெண் வீலென்று கத்திப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்கவில்லை. அவன் வாய் திறந்தபடியே நின்றது.

இரண்டும் ஒன்றும். அது தையல்காரியின் புருஷனுடைய தட்டு.

இருபது வருஷமாக அவருக்கு அதுதான் தொழில். "சம்பளம் வாங்குற பேய் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்" என்று பெருமையடித்துக்கொள்வார். நடையின் கடைசி நிறுத்தம் ஆளில்லாத ஒரு மாடி வீடு. வழிகாட்டி அதன் முன்கதவைப் பூட்டிக் காட்டி, சாவியைக் கூட்டத்திடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வான். அதற்கு முன்பே அவர் பின்கதவு வழியாக உள்ளே போயிருப்பார். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று இவன் கேட்டதும் அவர் தட்டுவார். கூட்டம் அலறும், பிறகு கைதட்டும். அந்த வீட்டில் மட்டும்தான் தட்டல். மற்ற இடங்களில் வெறும் கதைதான்.

போன மழையில் அந்தப் பின்கதவு ஊறிப்போய், அவர் உள்ளே போனதும் இறுகிக்கொண்டது. உள்ளே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. முன்கதவில் பூட்டு. அவர் தட்டினார். விடாமல் தட்டினார். அண்ணன் இன்று பின்னி எடுக்கிறார் என்று வழிகாட்டி நினைத்தான். தட்டல் நிற்கும்வரை கூட்டம் கைதட்டியது.

இதை வழிகாட்டியே அவள் காலில் விழுந்து அழுதுகொண்டே சொன்னான். அவர் செத்ததைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். அந்தக் கைதட்டல்தான் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நான் அங்கே நின்றிருந்தால் தெரிந்திருக்குமே, ஒரு தட்டிலேயே தெரிந்திருக்குமே என்று தையல் இயந்திரத்தை மிதிக்கும்போதெல்லாம் மனசு அரிக்கும். அந்தக் கூட்டம் நின்ற இடத்தில் ஒருதடவை நின்று பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இன்று எல்லோரையும் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த தெருவுக்குத் திரும்பும்போது வழிகாட்டியின் பக்கத்தில் போய் நடந்தாள்.

"தம்பி, புது ஆள் போட்டுட்டியா?"

"ஐயோ, இல்ல அண்ணி. அண்ணன் போனதோட தட்டுறதையே விட்டாச்சு. வெறும் கதை சொல்லி முடிச்சுடுறேன்."

"அப்ப அது யாரு?"

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். "திரும்பிடலாமா அண்ணி? காசைத் திருப்பிக் கொடுத்துடறேன். எனக்கு என்னமோ சரியாப் படல."

"நட" என்றாள்.

சந்து குறுகிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த உயரமான சுவர்கள், ஈரச் சுண்ணாம்பின் வாடை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம். அதற்கெல்லாம் மேலே, அவர் மூட்டு வலிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் காரமான வாசனை அவள் மூக்கில் ஏறியது. கூட்டத்தில் யாராவது பூசியிருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்போது வலப்பக்கச் சுவருக்குள்ளிருந்து தட்டல் கேட்டது. இரண்டு, அப்புறம் ஒன்று. அந்தச் சுவரில் கதவே கிடையாது. அவர்கள் நடக்க, தட்டலும் சுவருக்குள்ளேயே கூட வந்தது.

அவள் கால்கள் பின்வாங்கவில்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

மாடி வீட்டின் முன்னால் வழிகாட்டி கதையை ஆரம்பிக்கவே இல்லை. "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கவும் இல்லை. பூட்டிய கதவின் பின்னாலிருந்து தட்டல் தானாகவே வந்தது. முதலில் நிதானமாக. பிறகு வேகமாக. கூட்டம் ஓவென்று கத்தியது. போன்களைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"செமையா பண்றாங்கப்பா!" என்றான் ஒருவன்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். என்ன கொடுமை, உயிருக்காகத் தட்டுகிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை. முதல் கணம் அவளுக்கே பெருமையாக இருந்தது, நம்ம ஆள் என்னமாய்த் தட்டுகிறார் என்று. அப்புறம்தான் விரல்முட்டியின் சத்தம் உள்ளங்கையின் சத்தமானது. உள்ளங்கை முழங்கையானது. பலகையில் நகம் கீறியது. அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"சாவியக் குடு!"

வழிகாட்டி பையைத் துழாவிச் சாவியை எடுத்தான். சாவி கீழே விழுந்தது. அவளே எடுத்தாள். பூட்டைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு கதவுகளையும் உள்ளே தள்ளினாள். அகலமாகத் திறந்துகொண்டன.

உள்ளே யாருமில்லை. புழுதி. இருட்டு. தைலத்தின் வாசனை.

தட்டல் நிற்கவில்லை.

கதவு விலகிவிட்டது. சத்தம் மட்டும் வாசல் நிலைக்கு நடுவே, பலகை இருந்த அதே இடத்தில், வெறும் காற்றில். தடதடவென்று.

"திறந்தாச்சுங்க. நான்தான் வந்திருக்கேன். வெளிய வாங்க, வீட்டுக்குப் போலாம்."

தட்டினார்.

"இங்க பாருங்க, கதவே இல்ல. ஒரு எட்டு வச்சா போதும்."

தட்டினார்.

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் விரல்முட்டிகள் வந்து மோதின. சில்லென்று. கெட்டியாக. ஒவ்வொரு முட்டியும் அவளுக்குத் தெரியும். பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். பிடிபடவில்லை. மறுபடி மோதின. இன்னும் பலமாக. பிறகு தோளில். பிறகு கன்னத்தில்.

அவருக்கு அவள் தெரியவில்லை. அவருக்கு அவள் கதவு.

"அண்ணி, விலகுங்க! விலகி வாங்க அண்ணி!" வழிகாட்டி அழுதான். ஆனால் கிட்டே வரவில்லை.

விலகினால் அவர் காற்றைத் தட்டிக்கொண்டிருப்பார். தட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல். பதில் சொல்ல யாருமே இல்லாமல். அவள் நிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றிக்கொண்டாள். உதடு கிழிந்தது. "இருக்கேன்" என்றாள். "இங்கதான் இருக்கேன். தட்டுங்க."

தட்டினார். அவள் தலை பின்னால் தெறித்தது. மறுபடி நிமிர்ந்தாள். அடுத்த அடி நெற்றியில் விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய, யாருமில்லாத வாசலில் அவள் அசையாமல் நின்றாள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது.