தண்ணீரில் விழுந்த வளையம்

எழுபத்தெட்டாம் ஆண்டு. ஒரு மாத லீவு முடிந்து பாக்கியரத்தினம் வேலைக்குத் திரும்பிய அன்று, ஓர்ஸ் ஹில்லில் வெயில் மண்டையைப் பிளந்தது. டொக்டர் சோமசேகரத்தின் கிளினிக்குக்குப் பின்னால், பழைய கட்டிடத்தின் கடைசி அறைதான் அவனுடைய ஆய்வுகூடம். பூட்டைத் திறந்தான். அடைத்துக் கிடந்த அறையில் ஸ்பிரிட் மணம்தானே அடிக்கவேண்டும்? முஸ்லிம் சாவு வீட்டில்போல கற்பூரமும் அத்தரும் மணத்தன. யன்னலைத் திறந்துவிட்டான்.

டொக்டர் ஒரு சின்னப் போத்தலோடு வந்தார்.

"பாக்கியம், கமலாதேவி எண்டு சாம்பல்தீவுப் பிள்ளை. சரியான வயித்துக்குத்து. கரு கருப்பையில இல்லாம கருக்குழாயில தங்கியிருக்கோ எண்டு சந்தேகம். கர்ப்பம் எண்டு நீர் சொன்னா உடனே பெரியாஸ்பத்திரிக்கு, ஒப்பரேஷனுக்கு. இல்லையெண்டா வயித்துக்கு மருந்து குடுத்து வீட்டை அனுப்பலாம்."

பாக்கியரத்தினம் போத்தலை வாங்கினான். இதே வார்த்தைகளை டொக்டர் போன மாதமும் சொன்னார். அன்று வந்தவள் கிண்ணியா ரபீக்கா.

சோதனை என்னவோ லேசானதுதான். சின்னக் கண்ணாடிக் குழாயில் பிறபொருளெதிரி என்கிற அன்டிபொடி இருக்கும். கர்ப்ப ஓமோன் பூசிய ஆட்டுச் செங்குருதிக் கலங்களும் இருக்கும். அதில் பெண்ணின் சிறுநீரைச் சொட்டாக விடவேண்டும். சிறுநீரில் அந்த ஓமோன் இருந்தால் பிறபொருளெதிரி அதைப் பிடித்துக்கொண்டு கலங்களை விட்டுவிடும். அவை அடியில் இறங்கி, சிவப்பாக ஒரு வளையம் கட்டும். ஓமோன் இல்லாவிட்டால் கலங்களையே பிடித்து ஒட்டவைக்கும், வளையம் விழாது. ஆனால் இரண்டு மணித்தியாலம் குழாய் அசையவே கூடாது.

ரபீக்கா வந்த அன்று துறைமுகப் பக்கம் மீனுக்கு எவனோ டைனமைட் போட்டான். மேசை அதிர்ந்தது. குழாயின் அடியில் எல்லாம் கலைந்து கிடந்தது. திரும்பச் செய்திருக்கவேண்டும். பசி, சோம்பல். 'இல்லை' என்று எழுதிவிட்டான் பாவி.

"அப்ப நான் வீட்டை போகலாமா, தம்பி?" என்று கேட்டாள் ரபீக்கா.

"ஓம், போங்க" என்றான்.

அவள் கிண்ணியாவுக்குப் போகும் படகுக்குத் துறையில் காத்திருந்தபோதே, கருக்குழாய் வெடித்து உள்ளுக்குள் இரத்தம் கொட்டிச் செத்தாள். யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினான்.

இன்று இரண்டு குழாய்கள் வைத்தான். ஒன்றில் கமலாதேவியின் சிறுநீர். மற்றதில் வெறும் தண்ணீர். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க எப்போதும் வைப்பது. தண்ணீரில் வளையம் விழாது. விழவே ஏலாது.

கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தான். பக்கத்து அறையில் கமலாதேவி முனகிக்கொண்டிருந்தாள். மத்தியானக் காற்று நின்றுபோனது. கற்பூர மணம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

நேரம் முடிந்தது. குனிந்து பார்த்தான்.

கமலாதேவியின் குழாயில் வளையம்.

தண்ணீரிலும் வளையம்.

தண்ணீர் கெட்டால் எல்லாமே கெட்டது. எதையும் நம்ப ஏலாது. திரும்பச் செய்ய இன்னும் இரண்டு மணித்தியாலம் வேண்டும். புதுக் குழாய்களை எடுத்தான்.

பக்கத்து அறையில் முனகல் நின்றது.

பிடரிக்குப் பின்னால், மிக மெதுவாக, ஒரு குரல்.

"அப்ப நான் வீட்டை போகலாமா, தம்பி?"

ஐயோ என்று கத்திக்கொண்டு டொக்டரிடம் ஓடினான். "சோதனையைப் பாக்காதேங்க! அந்தப் பிள்ளையை இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க!"

"ஏன், என்ன நடந்தது?"

"தண்ணி பிழைச்சிட்டுது, டொக்டர். மறுமொழி சொல்ல ஏலாது. காத்திருந்தா செத்துப்போவா!"

டொக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். காரை எடுக்கச் சொன்னார். கருக்குழாய் வெடிக்கிற தறுவாயில் இருந்ததாம், கமலாதேவி பிழைத்தாள். எல்லாரும் பாக்கியரத்தினத்தைப் புகழ்ந்தார்கள். ரபீக்காவின் பெயரை மட்டும் அவன் சொல்லவேயில்லை.

கெட்ட தண்ணீர் எதுவென்று பார்க்க டொக்டரே மேசைக்கு வந்தார். கொழும்பிலிருந்து வந்த, மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தலைத் திறந்து சோதித்தார். அதிலும் வளையம். ஓமோன் எவ்வளவு என்று அளக்க, மடங்கு மடங்காக உப்புநீர் கலந்து ஐதாக்கிப் பார்ப்பது வழக்கம். எட்டு மடங்கு வரை வளையம் தெரிந்தது. போத்தலை மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்.

பதினாறு.

அதற்கடுத்த இரண்டு நாளில் முப்பத்திரண்டு.

"இரண்டு நாளைக்கு ஒருக்கா இரட்டிக்குது" என்று டொக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். "பிள்ளை நல்லா வளர்ந்தாத்தான் இப்பிடி ஏறும். பாக்கியம், இது ஆரின்ர பிள்ளை?"

பாக்கியரத்தினம் போத்தலின் மூடியை இறுக்கினான். உள்ளிருந்து அத்தர் மணத்தது.

"தண்ணிதான், டொக்டர்" என்றான்.

அடுத்த முறை அறுபத்துநான்கிலும் வளையம் விழுந்தது.