கல்லுக்குச் சீயக்காய்

ஏரிக்கரைக் கல்லைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டதும் காயத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. பிரம்மதேசம் தாண்டி, இந்தச் சின்ன ஊரைத் தேடி யார் வருவார்கள்?

விருந்தாளி வரும்போது கல் அழுக்காக நிற்கலாமா? ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல்லுக்கு ஒரு கரண்டி எண்ணெய் தடவிக் கும்பிடுவார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் காயத்ரி, அன்று காலை ஒரு புட்டி நல்லெண்ணெயை அப்படியே கவிழ்த்துவிட்டாள். கல் பளபளத்தது.

வந்தவர்கள் கல்வெட்டைப் படி எடுக்கப் பயிற்சி பெறும் மாணவர்கள். கற்றுத் தருபவர் லூர்துமேரி மேடம். கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து அப்படியே தாளில் வந்துவிடுமாம்.

தாள் ஒட்டினால்தானே வரும்? ஒட்ட ஒட்ட வழுக்கி விழுந்தது. நான்கு தாள்கள் வீணாயின. அன்றுதான் பயிற்சியின் கடைசி நாள். சாயங்காலம் வேன் கிளம்பிவிட்டால், கல் என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

தீனதயாளன் என்ற மாணவர் பொறுமை இழந்து கம்பி பிரஷை எடுத்தார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுரண்டினால் எண்ணெயோடு எழுத்தும் போய்விடும் என்றார்.

தான் ஊற்றிய எண்ணெயால்தான் இத்தனையும் என்று காயத்ரிக்குப் புரிந்தது. பேசாமல் வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கால் நகரவில்லை.

"மேடம், நான்தான் காலையில எண்ணெ ஊத்தினேன். நீங்க வர்றீங்கன்னு அழகு பண்ணேன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "என் தலையில எண்ணெ வெச்சா எங்கம்மா சீயக்காதான் போடுவாங்க. கல்லுக்கும் போட்டுப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள்.

மாணவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "பழைய கல்லுக்கு நாங்களே பூந்திக்கொட்டை போடுவோம். இன்னிக்கு அது கையில இல்ல. நீ ஜல்தியா சீயக்கா எடுத்துக்கினு வா" என்றார்.

முதலில் எழுத்தில்லாத ஒரு மூலையில் மட்டும் தேய்த்துப் பார்த்தார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மெல்லத் தேய்த்துக் கழுவினார்கள். பல வருடத்து எண்ணெய் கறுப்பாக வழிந்தது.

இந்த முறை தாள் ஒட்டிக்கொண்டது. மை ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. காயத்ரி தாளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். எல்லாரும் சுற்றிலும் நெருங்கி வந்தார்கள்.

மேடம் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இதே ஊரில் இருந்த சாத்தன் நங்கை என்ற பெண் இந்த ஏரிக்கு மதகு கட்டிக்கொடுத்தாளாம்.

"அவங்க எந்தத் தெரு மேடம்?" என்று காயத்ரி மெதுவாகக் கேட்டாள்.

"அது எழுதல. ஆனா கடைசியில ஒண்ணு எழுதச் சொல்லியிருக்காங்க. 'இதைக் காப்பாத்துறவங்க பாதத்தை என் தலை மேல தாங்குவேன்.'"

காயத்ரி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும். ஓடிப்போய் ஏரித் தண்ணீரில் இறங்கி, இரண்டு பாதங்களையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.