மறதி என்ற விதி

கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. விசாரணையில் பத்து நிமிடம் என்றேன். அதைவிடக் கூடவே இருந்திருக்கும். போனில் நான் கேட்டதையும், பிறகு எஞ்சினியர் உளறியதையும் சேர்த்துத்தான் மற்றதைச் சொல்கிறேன்.

அன்று கிடங்குக்கு விடுமுறை. மதியம் மூன்று மணி. பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒன்பதாம் சந்தில் ஒரு வண்டி நிற்பதை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு எஞ்சினியர் வந்திருந்தார். போன மாதம் அக்கா நசுங்கிச் செத்த இடம் அது.

ஆளில்லாமல் ஓடும் அந்தப் பன்னிரண்டு வண்டிகளுக்கும் புத்தி கொடுத்தவர் அக்கா. எறும்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெட்டி சுமக்கும் ஒவ்வொரு வண்டியும் தான் கடந்த, சில்லு பதித்த தரைக்கல்லில் ஓர் எண்ணை ஏற்றிவிட்டுப் போகும். பின்னால் வருவது, எண் கூடின கல்லைத் தேடிப் போகும். நடுவில் இருந்து கட்டளையிட யாருமில்லை. ஏற்றிய எண் நிமிடத்துக்கு நிமிடம் தானாகக் குறையும். அந்த விதிக்கு அக்கா வைத்த பெயர் மறதி.

"மறதி இல்லேன்னா எறும்பு ஒண்ணு பின்னால ஒண்ணா வட்டம் சுத்தியே செத்துப்போகும் தம்பி" என்பார், பாட்டரி மாட்ட வரும் என்னிடம்.

முதலாளிக்கு ஓட்டிக் காட்டிய நாளில் யாரோ மறதியை அணைத்திருந்தார்கள். ஒரே பாதை தடித்துக்கொண்டே போனது. பன்னிரண்டும் ஒன்பதாம் சந்துக்குள் புகுந்தன. அங்கே அக்கா குனிந்து கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அணைத்தது அக்காவேதான் என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்தார்.

அந்த விடுமுறை மதியம் சந்துக்குள் அட்டைப்பெட்டிகளின் புழுக்க வாடை. வெயிலில் கூரைத் தகரம் நெளிந்து நெளிந்து எழுப்பிய சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில், அக்கா கழுத்துவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் மெல்லிய காரம். எஞ்சினியர் எண்ணைப் படிக்கும் கைக்கருவியைக் கல்லில் வைத்தார். நூறு. வண்டி ஓடி முடித்த பத்து நிமிடத்தில் சைபராகிவிடும் எண் அது. அழித்தார். நூறு. மறுபடி அழித்தார். நூறு.

பின்னால் ரப்பர் சக்கரம் தரையில் ஒட்டிப் பிரியும் ஓசை. ஒன்று. இன்னொன்று.

போனில் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், எல்லாத்தையும் நிறுத்துற ஸ்விட்ச் எங்க?"

"அப்படி ஒண்ணு கிடையாதே சார். தலையே இல்லாம ஓடுறதுதான் இதோட அழகுன்னு நீங்கதான மேடையில பேசுனீங்க."

"நக்கல் பண்ணாத. வந்து பாட்டரியைக் கழட்டு."

"காலையிலயே கழட்டிட்டேன் சார். பன்னெண்டும் என் ரூம்லதான் சார்ஜ் ஏறுது."

போனில் சக்கரங்கள் மட்டும் கேட்டன. நான் கிடங்குக் கதவுக்கு வந்துவிட்டிருந்தேன்.

அவை மோதவில்லை. கெண்டைக்காலில் மெல்லத் தொட்டன. தொட்டதும் நகர்ந்தார். முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. பக்கத்தில். வளைந்தார். புறப்பட்ட கல்லுக்கே வந்தார். மறுபடி வந்தார். மறுபடி.

"மறதியை நான்தான்டா அணைச்சேன். முதலாளிக்கு வேகமா தெரியட்டும்னு. நான்தான்."

சக்கரங்கள் நின்றன. எல்லாம் ஒரே நொடியில். என் கை கதவுப் பிடியில் இருந்தது.

மறுபடி உருண்டன.

நான் பிடியை விட்டேன்.

கடைசியில் கதவைத் திறந்தபோது பன்னிரண்டு வண்டிகளும் தங்கள் இடத்தில் வரிசையாக நின்றன. அவர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் உயிரோடு இருக்கிறார். மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி நடக்கிறார். ஊசி போட்டுத் தூங்க வைத்தாலும் பாதங்கள் நிற்பதில்லை. வண்டிகள் பழைய இரும்புக்குப் போயின. என் போனில் பதிவான பேச்சைக் கொடுத்தேன். அக்கா மேல் தவறில்லை என்று அவர் கணவருக்குக் கடிதம் போனது. அவர் அதைப் பிரிக்கவில்லை. நான் வேலையை விட்டேன்.

கிளம்பும் நாளில், கதவுக்கு வெளியே நான் நின்ற கல்லில் கைக்கருவியை வைத்துப் பார்த்தேன்.

நூறு.