சிவப்பு நூல் கட்டிய மரங்கள்

"செத்துப்போன செடிய எதுக்கும்மா குளிப்பாட்டுறாரு?"

சல்லடையம்மாவின் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. டிராயிங் மாஸ்டர் தன் வீட்டு மாடியறையில், காய்ந்த பூக்குச்சிகளை வாளியில் முக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொம்மை ரயில்பாதைகளுக்கு மரம் செய்வதே அவருக்கு வேலையாகிவிட்டது. கேள்வியைக் கேட்டு அவர் சிரித்தார்.

"குளிச்சா வளையும் பாப்பா. குளிக்கலைன்னா ஒடிஞ்சிரும்."

அந்த மகள் இப்போது வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய அம்மா இத்தனை வருடமும் அதே மாடியறையில்தான் வேலை பார்த்தாள். தரிசு நிலங்களில் காய்ந்து நிற்கும் செடிகளை வெட்டி வருவாள். மாஸ்டர் அவற்றை, தண்ணீரில் கிளிசரின் சேர்த்த கலவையில் இரண்டு நாள் ஊறவைப்பார். உலர்ந்ததும் அவள் பசையில் தோய்த்து, சல்லடையால் பச்சைத்தூளைச் சலித்து, துணிக்கிளிப் மாட்டிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். அப்படித் தொங்கினால்தான் தண்டு நேராகக் காயும். முழங்கை உயரச் செடி, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நூறு வருடத்து மரம். சல்லடை என்று மாஸ்டர் கூப்பிடப்போய், தெருவுக்கே அவள் சல்லடையம்மா ஆகிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் சர்வேயர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர் முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய வண்டிகளையும் பார்வையிட்டவர். பக்கத்து நாற்காலியில் அவருடைய மைத்துனர், தையற்காரர், பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை அவள் தலைகுனிந்தபடியே சொன்னாள். அருங்காட்சியகத்துக்கு ஒரு பொம்மை மலைச்சரிவு, அதில் முந்நூறு மரம், மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும். பத்து நாளாகத் தினமும் காலையில் பூட்டிய அறைக்குள் மரங்கள் ஒடிந்து கிடக்கின்றன. சாவி இரண்டுதான், ஒன்று மாஸ்டரிடம், மற்றது அவளிடம். அம்மாவுக்கு, அதாவது மாஸ்டரின் மனைவிக்கு, முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. நேற்று மாஸ்டர் நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சோறு போட்ட கையைக் கடித்துவிட்டாய் என்றார்.

"வேலை போனா போகட்டும் ஐயா. நாளைக்கு யாரு வீட்டு வாசப்படி ஏறினாலும் பொருள எடுத்து உள்ள வைப்பாங்களே. என் பொண்ணு காதுல விழறதுக்குள்ள என் பேரக் காப்பாத்திக் குடுங்க."

"போட்டிக்காரன் எவனோதான் அத்தான்," என்று மைத்துனர் ஊசியை நிறுத்தினார். "கள்ளச்சாவி. வேற என்ன?"

"பட்டன முடிங்க மாப்பிள்ளை. அப்புறம் திருடனப் பிடிக்கலாம்," என்றபடி சர்வேயர் எழுந்தார்.

மாஸ்டர் கதவைத் திறந்தார். சல்லடையம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனாலும் தடுக்கவில்லை. ஒரு காலில் பழுப்புச் செருப்பு, மறுகாலில் கறுப்பு. மைத்துனர் சர்வேயரின் விலாவில் இடித்தார். படியேறும்போது, ரயில் என்ஜினுக்குப் பயந்து மரத்தில் ஏறிய பள்ளி ஆய்வாளரின் கதையை மாஸ்டர் சொன்னார். மாடிக்குப் போனதும் அதே கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். சர்வேயர் இரண்டு முறையும் சிரித்தார்.

அறையில் மைத்துனர் பரபரவென்று வேலையில் இறங்கினார். ஜன்னல் கொண்டியை ஆட்டினார், மேசைக்கடியில் தவழ்ந்தார், எலி வளை இருக்கிறதா என்று சுவரைத் தட்டினார், முழங்கால் முழுக்கப் பச்சையாக எழுந்தார். சர்வேயர் தரையை மட்டும் பார்த்தார். ஒடிந்த ஒவ்வொரு கிளையும் அது தொங்கிய கிளிப்புக்கு நேர் கீழே கிடந்தது. பச்சைத்தூள் வட்டம் வட்டமாகக் கொட்டியிருந்தது; எந்த வட்டத்திலும் கால் படவில்லை, கை படவில்லை.

தண்டுகளில் கட்டியிருந்த நூல் என்ன என்று கேட்டார். ஒவ்வொரு டப்பா கிளிசரினுக்கும் ஒரு நிறம், தேதி மறக்காமலிருக்கத் தான் கட்டுவது என்றாள் சல்லடையம்மா. வெள்ளையும் மஞ்சளும் பழையவை. மூன்று வாரமாகச் சிவப்பு.

"வெள்ளையில ஒண்ணாவது ஒடிஞ்சிருக்கா?"

அவள் யோசித்தாள். இல்லை. மஞ்சளிலும் இல்லை. அதை அவள் இதுவரை எண்ணிப் பார்க்கவேயில்லை.

மூலையில் ஊறல் வாளி, பக்கத்தில் கிளிசரின் டப்பா. சர்வேயர் குனிந்து மூடியைப் பார்த்தார், விரலால் தொட்டார், கீழே இறங்கிச் சமையலறைக்குப் போனார். சல்லடையம்மாவும் பின்னால் போனாள்.

அடுப்புக்கு மேலே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது: அணைத்தாயிற்றா? குழாய்க்கு மேல் இன்னொன்று. பின்கதவில் ஒன்று. எல்லாம் அம்மாவின் கையெழுத்து. ஜன்னலோரம் ஒரு பழைய கிளிசரின் டப்பாவில் புதினா நட்டு, நன்றாகத் துளிர்த்திருந்தது.

"இது எப்ப நட்டதும்மா?"

"மூணு வாரம் இருக்கும். டப்பா காலியாச்சுன்னு அவரு கீழ போட்டாரு. அன்னைக்கே புதுசு ஒண்ணு கடையிலேருந்து வந்துச்சு." பதில் சொல்லும்போதே அம்மாவின் குரல் தளர்ந்தது. புடைவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புது டப்பாவோட சீலே இன்னும் பிரிக்கலம்மா. மூணு வாரமா செடியெல்லாம் வெறும் தண்ணியிலதான் ஊறியிருக்கு. காய்ஞ்ச குச்சியில பசையும் தூளும் ஏறினா பாரம் தாங்குமா? தானா ஒடியுது. உள்ள யாரும் வரல. உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மழைக்காலத்துலேருந்து," என்றார் அம்மா. "என்னை ரெண்டு தடவ யாருன்னு கேட்டாரு. வெளிய சொன்னா ஊரே அவரைக் கிறுக்குன்னு சொல்லும். அதான் இவ மேல பழி விழுந்தப்போகூட வாயத் திறக்கல. சாமி என்னை மன்னிக்காது."

சல்லடையம்மாவுக்கு அம்மாவின்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. வலிக்கும் முழங்காலோடு அந்த அம்மா ஒவ்வொரு கதவுக்கும் சீட்டு ஒட்டியதுதான் கண்ணில் நின்றது.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் சர்வேயர் சல்லடையம்மாவோடு மாடிக்குப் போய், வெள்ளை நூல் மரத்திலிருந்து ஒரு குச்சியும் சிவப்பு நூல் மரத்திலிருந்து ஒரு குச்சியும் எடுத்து மாஸ்டரின் கையில் கொடுத்தார். "இதுல எனக்கு ஞானம் கிடையாது சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வெள்ளைக் குச்சி அவர் விரலைச் சுற்றி மோதிரம்போல் வளைந்தது. சிவப்பு, படக்கென்று ஒடிந்தது. மாஸ்டரின் முகத்தில் பழைய வாத்தியாரின் மிடுக்கு வந்துவிட்டது. "இது குளிக்காத குச்சி. எவனோ கலவை போடாம ஊறவச்சிருக்கான். சின்னப்பிள்ளைகூட இந்தத் தப்பப் பண்ணாது."

"கலவை யாரு போடுவா சார்?"

"நான்தான். என்னைத் தவிர எவனையும் அந்த வாளிகிட்ட விடமாட்டேனே..."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நிதானமாகக் குனிந்து டப்பாவைத் தூக்கினார். பிரிக்காத சீலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு கொடியில் தொங்கிய மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சல்லடை," என்றார். டப்பாவை அவளிடம் நீட்டினார்.

அன்று மாலை அம்மா தெருவாசலில் நின்று, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, தவறு தங்கள் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டார். சாவி சல்லடையம்மாவிடமே திரும்ப வந்தது. பெயர் பிழைத்தது.

மறுநாள் காலையில் மாஸ்டர் மாடிப்படியில் நின்று அவளை வழிமறித்தார். "என் மரத்த ஒடிச்சுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

அதற்கடுத்த நாளும் அப்படியே. வாரக் கடைசியில் நலம் விசாரிக்க வந்த சர்வேயரிடம், கள்ளச்சாவியைப் பற்றி மாஸ்டர் முதலிலிருந்து முறையிட்டார். சர்வேயர் கைகட்டி நின்று முழுவதும் கேட்டார். வாசலுக்கு வந்ததும் சல்லடையம்மாவிடம், "கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும்மா," என்றார். "கண்டுபிடிச்சதை அவருக்குள்ள வைக்க எனக்கு வழி தெரியல."

"இருக்கட்டும் ஐயா. அவர் வையட்டும். நான் வரேன்."

மாஸ்டர் மதியம் கண்ணயரும் நேரத்தில் அவள் கலவை போட்டாள். புதுச் செடிகள் வளைந்தன. மாதக் கடைசியில் முந்நூறு மரமும் மலைச்சரிவில் நின்றன.

பெட்டியில் அடுக்குவதற்கு முன் கடைசித் தடவையாகத் தூசு தட்டும்போது, ரயில்பாதை ஓரத்துப் பெரிய மரத்தினடியில் தூரிகை எதிலோ பட்டது. அவள் குனிந்து பார்த்தாள். நெல்மணி அளவில் ஒரு பெண் உருவம். நீல மேலங்கி, அவளுடையதைப் போலவே. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதுவும் அவளுடையதைப் போலவே. கையில் மயிரிழைக் கம்பியால் வளைத்த சல்லடை. முகத்துக்கு ஒரு புள்ளி, சிரிப்புக்கு அதைவிடச் சின்னதாக ஒரு கீறல். இதைத் தீட்ட மாஸ்டருக்கு ஒரு முழுநாளாவது பிடித்திருக்கும். எந்த நாள், எந்தத் தெளிந்த பொழுது, அவள் கண்ணில் படாமல்?

"சார், இத எப்ப செஞ்சீங்க?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரோ நல்லா செஞ்சிருக்கான்," என்றார். "யாரு இந்தம்மா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, உருவம் அசையாதபடி சுற்றிலும் பஞ்சு வைத்து, பெட்டியை மூடினாள்.