ஜாடிக்குள் இருந்தவன்

ஹார்லம் நகரத்துக் கால்வாயில் பனி இறுகிக் கிடந்த ஒரு பிப்ரவரி காலையில், ஓவியன் லுப்பெர்ட் வர்ணப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செத்துப்போன யோரிஸின் வீட்டுக் கதவைத் தட்டினான். முகத்தில் துக்கம் இருந்தது. மனசுக்குள் அது ஒரு பொட்டுகூட இல்லை.

இரண்டு பேரும் ஒரே ஆசிரியரிடம் தொழில் கற்றவர்கள். இரண்டு பேரும் வரைந்தது சாப்பாட்டு மேசைகளைத்தான்: ரொட்டி, சிப்பி, பாதி உரித்த எலுமிச்சை, ஒயின் கோப்பை. லுப்பெர்ட்டின் எலுமிச்சையைப் பார்த்தால் ஜனங்கள் நன்றாயிருக்கிறது என்பார்கள். யோரிஸின் எலுமிச்சையைப் பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கை தானாக நீளும். அவ்வளவுதான் வித்தியாசம். இருபது வருஷமாக அந்த வித்தியாசம் லுப்பெர்ட்டின் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தது. போன வருஷம் ஓவியர் சங்கக் கூடத்தில், யோரிஸ் வரைந்து வைத்திருந்த ஈயை லுப்பெர்ட்டின் சொந்த மனைவி அன்னெகேயே ‘சூ’ என்று விரட்டினாள். கூடமே சிரித்தது. பாவி மகள், வீட்டுக்கு வந்த பிறகும் சிரித்தாள்.

கதவைத் திறந்தவள் யோரிஸின் மனைவி ஹில்லே. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“வாங்கண்ணே. பட்டாணி சூப் சுடச்சுட இருக்கு. சாப்ட்டுட்டு மேல போறீங்களா?”

“முதல்ல வேலையைப் பாக்கறேம்மா. அவர் விட்டுட்டுப் போன படத்துல எவ்ளோ பாக்கி?”

“எலுமிச்சை மட்டுந்தான். அதுக்குள்ள காய்ச்சல் வந்து படுத்துட்டார். பீர் காய்ச்சற வீட்டுக்காரங்க ஈஸ்டருக்கு மாட்டணும்னு கேட்டிருக்காங்க.”

மாடியறையில் வடக்கு ஜன்னலின் சாம்பல் வெளிச்சம். யோரிஸ் அடுக்கிய மேசை அடுக்கியபடியே இருந்தது. தட்டு, ரொட்டி, பெரிய வெள்ளி ஜாடி. ஆளி விதை எண்ணெயின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை அடித்தது. அழுகிய சிப்பி வாடை.

“சிப்பியைப் போன வாரமே தூக்கிப் போட்டுட்டேண்ணே,” என்றாள் ஹில்லே. “வாடை மட்டும் போகமாட்டேங்குது.”

புது எலுமிச்சை ஒன்றைப் பாதி உரித்துத் தட்டில் வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று திரும்பினாள்.

“ஒண்ணே ஒண்ணு. படத்துல அந்த ஜாடியை மட்டும் தொட்டுடாதீங்க. அதுக்குள்ள அவர் இருக்கார்.”

லுப்பெர்ட் படத்தருகே குனிந்தான். வரைந்த ஜாடியின் பளபளத்த வயிற்றில் இந்த அறை வளைந்து தெரிந்தது. ஜன்னல், மூடிய கதவு, நடுவே முக்காலியில் உட்கார்ந்து வரையும் யோரிஸ். நகத்தளவு உருவம்தான், ஆனால் மூச்சு விடுவதுபோல் இருந்தது. யோரிஸ் எந்தப் படத்திலும் பெயர் எழுதியதில்லை. ஜாடிக்குள் இருக்கும் அந்த உருவம்தான் அவன் கையெழுத்து, ஊருக்கே தெரியும். ஜாடிக்குள் யார் இருக்கிறானோ, படம் அவனுடையது.

செத்தும் இவனுக்கே பேர் போகணுமா? லுப்பெர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கீழே இறங்கிய சத்தம் அடங்கியதும் சின்னக் கத்தியை எடுத்தான். முகத்தை முதலில் சுரண்டினான். பிறகு தோள், பிறகு கை. அதே இடத்தில், அதே முக்காலியில் தன்னை வரைந்தான். யாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கப் போவதில்லை. பார்த்தால் லுப்பெர்ட் தெரிவான். எலுமிச்சைக்கும் அவசரமாக ஒரு பூச்சு மஞ்சள் தடவிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி வீடு திரும்பினான்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது, ஜாடிக்குள் அவன் உருவம் பத்திரமாக இருந்தது. பின்னால் இருந்த கதவு மட்டும் திறந்திருந்தது.

வரைந்த கதவு.

“ஹில்லே!” என்று கத்தினான். “மேல யார் வந்தது?”

“சாவி உங்ககிட்டதானேண்ணே இருக்கு?” கீழிருந்து குரல் வந்தது.

மேசைமேல் இருந்த நிஜ ஜாடியைப் பார்த்தான். அதில் அவன் தெரிந்தான், பின்னால் மூடிய கதவு தெரிந்தது. திரும்பியும் பார்த்தான். மூடித்தான் இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தான்.

திறந்த கதவில் ஒருவன் நின்றான்.

சிப்பி வாடை குப்பென்று அடித்தது. பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடத்தான் திரும்பினான். திரும்பும்போது படத்து எலுமிச்சையின் மேல் கண் போனது. நேற்று அவன் பூசிவிட்டுப் போன மஞ்சள், சப்பென்று, செத்த மஞ்சளாகக் கிடந்தது. இப்படியே விட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும்? ‘யோரிஸ் படத்தை லுப்பெர்ட் கெடுத்துட்டான்.’ அந்தச் சொல்லைத் தாங்க அவனால் முடியாது. ஒரே ஒரு தீற்றல் என்று உட்கார்ந்தான்.

மணிக்கட்டில் ஏதோ சில்லென்று படிந்தது.

தூரிகை நகர்ந்தது. தோலின் ஓரம் ஈரமாக மினுங்கியது. சுளையில் சாறு கோர்த்தது. லுப்பெர்ட்டின் நாக்கில் புளிப்பு ஊறியது. ஐயோ, இதுதானா அது! இருபது வருஷமாக அவனுக்குப் பிடிபடாதது இதுதானா!

படத்து ஜாடிக்குள், கதவில் நின்றவன் ஓரடி முன்னால் வந்திருந்தான்.

லுப்பெர்ட் பார்த்தான். பார்த்தும் நிறுத்தவில்லை. தோல் சுருளாகத் தட்டைத் தாண்டித் தொங்கியது. வந்தவன் இன்னும் ஓரடி வந்தான். கழுத்துப் பின்னால் குளிர்ந்த மூச்சு பட்டது. நிறுத்திவிடு, எழுந்து ஓடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. நிறுத்தினால் இது மறுபடி பழைய லுப்பெர்ட் எலுமிச்சையாகிவிடுமே என்ற ஒரே எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தான்.

மத்தியானம் ஹில்லே சூப் கிண்ணத்தோடு வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கை தானாக எலுமிச்சையை நோக்கி நீண்டது.

லுப்பெர்ட்டுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. இருபது வருஷத்தில் முதல்முறை.

“என் எலுமிச்சை, ஹில்லே! இது நான் வரைஞ்சது. யோரிஸ் இதைத் தொட்டதேயில்ல, பாத்துக்கோ!”

அவள் ஜாடியருகே குனிந்தாள். கண் கலங்கியது.

“நல்லா இருப்பீங்கண்ணே. அவரை அப்படியே விட்டு வெச்சிருக்கீங்களே.”

லுப்பெர்ட் பார்த்தான். ஜாடிக்குள் கதவு மூடியிருந்தது. முக்காலியில் ஒரே ஒருவன். அது யோரிஸ்.

நன்றி சொல்லத் திரும்பிய ஹில்லே அவன் மடியைப் பார்த்து அப்படியே நின்றாள். கிண்ணம் சாய்ந்து சூப் தரையில் கொட்டியது.

“அண்ணே,” என்றாள். “இந்த ஊர்ல இடது கையால வரையறது அவர் ஒருத்தர்தானே?”

லுப்பெர்ட் குனிந்து பார்த்தான். தூரிகை இடது கையில் இருந்தது. அதை வலது கைக்கு மாற்றப் பார்த்தான்.

இடது கை விடவில்லை.